டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்

ஐந்தரைக்கு எழுகிறேன். பால் காய்ச்சுகிறேன். மகள் இளமதிக்குத் தலை வாருகிறேன். நாலு வயது, ஒரு பின்னல் போதும். எட்டு மணிக்குக் காரைக் கிளப்பி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போடுகிறேன். மானாம்பதியிலிருந்து உத்திரமேரூரில் அவள் பள்ளிக்கூடம் வரை அணைப்பதில்லை.

ஏசி போட்டால் மரிக்கொழுந்து வாசம் வரும். போன சனிக்கிழமை வரை வந்தது. என் மனைவி சுகிர்தா, சர்ச்சுக்குத் தலையில் வைத்துப்போகும் மரிக்கொழுந்தில் ஒரு கொத்தை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவைப்பாள். அவள் இறந்து ஏழு மாதம். பெட்டியில் கொத்து இல்லை. வாசம் மட்டும் இருந்தது.

ஒரு மாதமாக இளமதி காரில் ஏறினால் இருமினாள். வீட்டில் இருமல் இல்லை. "வண்டியைப் பாருங்க" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை இளமதியோடு மெக்கானிக் இருசப்பனிடம் போனேன். இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை நானே மாற்றுவேன். நெல் காயப்போடும் ரோட்டில் ஓடுகிற வண்டி, அதனால் தவறவிடுவதில்லை. அதைச் சொன்னதும் சிரித்தார்.

"அது இஞ்சின் மூச்சு வுடறதுக்கு, வசந்து. நீ மூச்சு வுடறதுக்கு இன்னொண்ணு கீது. தெரியுமா?"

"தெரியாது."

"படிச்சவனுங்க எல்லாம் இதையேதான் சொல்றானுங்க. இஞ்சினை புள்ள மாதிரி பாத்துக்கினு, புள்ளைய..." பின் இருக்கையில் இளமதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டேஷ்போர்டு பெட்டியை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே மடக்கினார். பின்னால் ஒரு நீள மூடி. அதைக் கழற்றி உள்ளே இருந்ததை உருவினார். நோட்டு அளவில், மடிப்பு மடிப்பாக ஒரு அட்டை. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மடிப்பெல்லாம் உமித்தூசு, வைக்கோல் துணுக்கு. நடுவே காய்ந்த மரிக்கொழுந்து. பெட்டியின் இடுக்கு வழியாக ஏசி இழுத்திருக்கிறது.

"இன்னா நைனா, இதுக்கு மாலையெல்லாம் போட்டு வச்சிக்கீறே?"

வாங்கி முகத்தருகே கொண்டுபோனேன். அவள் தலை வாசம். உடனே தும்மினேன்.

"தட்டிட்டு இதையே திரும்பப் போட்டா?"

இருசப்பன் மரிக்கொழுந்தைப் பார்த்தார். அவருக்குச் சுகிர்தாவைத் தெரியும். அதன் பிறகு சிரிக்கவில்லை.

"தட்டினா இதுல போவாதுப்பா. கொழுந்த வேணா எடுத்து வச்சுக்கோ. ஃபில்டர வுட்டுடு."

எடுத்தேன். விரலில் பொடிந்தது.

பின்னால் இளமதி இருமினாள்.

"புதுசு போடுங்கண்ணே."

"நீயே போடு. கத்துக்கோ. அம்புக்குறி கீழ பாக்கணும்."

போட்டேன். மூடியை அமுக்கினேன். பெட்டி சரியாக உட்கார இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தது.

திரும்பும்போது ஏசியில் ஒரு வாசமும் இல்லை. மானாம்பதி வளைவில் ரோட்டோரம் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். தூசு கண்ணாடியில் அடித்தது. இளமதி இருமவில்லை. தூங்கிவிட்டாள்.

சுகிர்தா கடைசியாக, "என் குழந்தைய நல்லா வளர்த்துடுங்க" என்று சொன்னதாக என் மாமியார் மங்கம்மா எல்லோரிடமும் சொல்கிறார். அவர் அன்று வண்டியில் இல்லை. தை மாதம். சுகிர்தாவுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. இதே வளைவு. அன்றும் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். இளமதி அவள் மடியில் படுத்திருந்தாள். இங்கே ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு சுகிர்தா பேசவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"கண்ணாடிய ஏத்துங்க. பாப்பாவுக்குத் தூசு ஆவாது."