ரோஸ்மில்க் பொருத்தம்

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தக் கடையில் ஒரு ரோஸ்மில்க் வாங்கி, ஒரே ஸ்ட்ராவில் மாறி மாறிக் குடித்ததுதான் கிரிதர் செய்த குற்றம். அதையும் தனக்கு நிச்சயமான பெண் சாய்லக்ஷ்மியோடு, பட்டப்பகலில்தான் குடித்தான். அவளுக்கு அன்று லேசாகத் தொண்டை கரகரத்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். இவனோ அந்த வாரமே காய்ச்சலில் உடம்பெல்லாம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

கிருமி எங்கே தொற்றியது என்று டாக்டர் எவாஞ்சலின் கேட்டபோது சாய்லக்ஷ்மி எதையும் மறைக்கவில்லை, ஸ்ட்ரா உட்பட. கிரிதரின் அம்மா அபிராமசுந்தரிக்கு அது போதாதா?

"மோதிரம் மாத்தின சூடு இன்னும் ஆறல, புள்ளைய எமன் வாசல் வரைக்கும் இட்டுகினு போய்ட்டா. ராசியில்லாத பொண்ணு. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் கிரிதர் சமையல்காரன். பத்துப் படி பொங்கலைத் தனியாளாகக் கிண்டி இறக்குவான். அம்மாவிடம் மட்டும் வாய் திறக்க மாட்டான். பிழைத்து வீடு திரும்பியும் அவனுக்குச் சந்தோஷமில்லை. சாய்லக்ஷ்மி கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம், காய்ச்சலைவிட மோசமாக அவனை வாட்டியது.

ஆராய்ச்சிக்கென்று மூவரிடமும் ரத்தம் எடுத்திருந்தார் டாக்டர். முடிவைச் சொல்ல மூவரையும் சேர்த்தே கூப்பிட்டார். அம்மா ஒரு ஓரம், சாய்லக்ஷ்மி மறு ஓரம், நடுவில் கிரிதர் நெளிந்துகொண்டிருந்தான்.

"மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் ஒண்ணுகூடப் பொருந்தலை" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "கேட்டுகினியாடா? ஜோசியரு பத்துல எட்டு பொருந்துதுன்னாரு. ரத்தம் ஒண்ணுகூடப் பொருந்தலைன்னுது!"

"ஐயோ, உக்காருங்கம்மா. நான் கல்யாணப் பொருத்தம் பாக்கலைங்க." டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே கிருமி, அது கக்கற ஒரே நஞ்சு. சாதாரணக் கிருமின்னா உடம்புல நாலு காவலருங்க கிளம்பி வருவாங்க. இந்த நஞ்சு மொத்தப் பேரையும் ஒரே நேரத்துல உசுப்பி விட்டுடும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துல யாரோ சும்மா கத்தினா எல்லாரும் ஓடி நெரிசலாயிடும் இல்ல, அந்த மாதிரி. அடி நம்ம உடம்புக்குத்தான்."

"அப்ப இவளுக்கு ஏன் ஒண்ணும் ஆவல?"

"அந்த நஞ்சு நம்ம அணுக்கள் மேல இருக்கற ஒரு கொக்கியைப் பிடிச்சுதான் வேலை காட்டும். கொக்கியோட வடிவம் ஆளுக்கு ஆள் வேற. அம்மாகிட்டேந்து ஒண்ணு, அப்பாகிட்டேந்து ஒண்ணுன்னு பிறவியிலயே வர்றது. சாய்லக்ஷ்மிக்கு இருக்கற ரெண்டு வகையிலயும் நஞ்சுக்குச் சரியாப் பிடி கிடைக்காது. கிரிதருக்கு ஒரு வகையில இறுக்கமாப் பிடிச்சுகிச்சு. இவங்க ரெண்டு பேரோட வகையைத்தான் ஒண்ணுகூடப் பொருந்தலைன்னு சொன்னேன்."

"அந்த வகை யாருகிட்டேந்து வந்துச்சாம்?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் தயங்கினார். "உங்ககிட்டேந்துதாம்மா. உங்க தப்பு எதுவும் இல்ல."

அபிராமசுந்தரி ரத்தம் எடுத்த தன் கையைத் தேய்த்துக்கொண்டாள். அம்மாவை அப்படிப் பார்க்க கிரிதருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அம்மா, நான் இவளைத்தான் கட்டிப்பேன்."

அம்மா அவனைச் சட்டை செய்யவில்லை. "பொறக்கப்போற கொழந்தைக்கு?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"சாய்லக்ஷ்மியோட ரெண்டுல ஒண்ணு கண்டிப்பாப் போகும். முழுக் காப்புன்னு எழுதித் தர மாட்டேன். ஆனா நல்லதுதான்."

திரும்பும் வழியில் கனகம்மாசத்திரத்தில் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கினாள். இருவரும் குழப்பத்தோடு பின்னால் இறங்கினார்கள். அதே கடைதான்.

"என் ரத்தத்துல இருந்ததுக்குப் பழிய உன் தலையில போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று சாய்லக்ஷ்மியின் கையைப் பிடித்தாள் அம்மா.

"அதான் ஒண்ணுகூடப் பொருந்தலையே அத்தை?"

"ஆங், அதான் நல்லதாம்" என்ற அம்மா, கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "நைனா, மூணு ரோஸ்மில்க் குடு. ஸ்ட்ராவும் மூணு!"