எட்டுப் பீரங்கிகளின் கனம்

சிவப்புக் கோடு கண்ணில் படவில்லை. படகுத்துறைக்கு வந்ததும் சிவகௌரி முதலில் கவனித்தது அதைத்தான். கப்பலின் வயிற்றைச் சுற்றி, தண்ணீருக்கு நாலு விரல் மேலே தெரியவேண்டும் என்று அவளே வரைபடத்தில் போட்டுக் கொடுத்த கோடு. அது இப்போது தண்ணீருக்குள் போயிருந்தது.

படகுகளின் சமநிலையைக் கணக்குப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. அலுவலகம் பரமட்டாவில். இந்தக் கப்பலுக்கும் அவள்தான் கொடுத்திருந்தாள். இருநூறு வருடங்களுக்கு முன் கடல் காவலுக்கு ஓடிய ஒரு சிறிய பாய்மரப் போர்க்கப்பலைப் பார்த்துச் செய்தது இது. பதினாலு மீட்டர் நீளம், ஒரே தளம், பக்கத்துக்கு நாலாக எட்டுக் குட்டைப் பீரங்கிகள். அந்தக் காலத்துத் தச்சர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சின்னக் கப்பல் தாங்கவேண்டுமே என்று பீரங்கியின் நீளத்தைக் குறைத்தார்கள். மேலே ஏற்றிய கனத்துக்கு ஈடாக அடித்தட்டில் இரும்புக் கட்டிகளை அடுக்கினார்கள். கப்பலின் சொந்தக்காரர் நரசிம்மனோ அடித்தட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு இருக்கை போட்டுவிட்டார். இரும்புக்கு இடமில்லை. அதனால்தான் பீரங்கிகள் ஃபைபரில் இருக்கவேண்டும், ஒன்று நாற்பது கிலோவைத் தாண்டக்கூடாது என்று சிவகௌரி எழுதிக் கொடுத்தாள்.

அவள் பலகை வழியே மேலே ஏறினாள். முதல் ஓட்டத்துக்கு முன் பூஜை. முப்பத்தைந்து பேராவது இருப்பார்கள். பட்டுப் புடவையும் மல்லிகையுமாகத் தளம் நிறைந்திருந்தது. எட்டுப் பீரங்கிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. அவள் கார்ச் சாவியால் ஒன்றைத் தட்டினாள். ஃபைபர் இப்படிச் சத்தம் போடாது. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாய்க்குள் விட்டாள். ஒரு சாண் போய் இடித்து நின்றது.

“என்ன மேடம், பீரங்கிக்குப் பல் டாக்டர் வேலை பாக்குறீங்களா?” பட்டு வேட்டியோடு நரசிம்மன் வந்தார்.

“இதை எப்ப மாத்தினனீங்கள்?”

“ஃபைபர் பொம்மை மாதிரி இருந்துச்சு. கோயம்புத்தூர்ல நம்ம பட்டறையிலேயே வார்த்து வரவழைச்சேன். சுத்தமான இரும்பு. சுட முடியாதபடி இருக்கணும்ல, அதான் துளையே போடாம கெட்டியா வார்க்கச் சொல்லிட்டேன். எப்படி?”

அசல் பீரங்கியில் உள்ளே துளையாவது உண்டு. இது ஒன்றே முந்நூற்றைம்பது கிலோ வரும். எட்டுக்கும் சேர்த்து, அவள் கணக்கில் இல்லாத இரண்டரை டன் தளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

“விசரே உங்களுக்கு? ஆக்கள் ஒரு பக்கம் ஒதுங்கினா இது சரிஞ்சு போகும். அந்தப் பீரங்கிச் சன்னலுகளால தண்ணி உள்ளுக்கு வரும். முதல்ல எல்லாரையும் இறக்குங்கோ.”

நரசிம்மனின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மரியாதையாப் பேசுங்க. புதன்கிழமை எட்டு போட்டோ அனுப்பினேன். இருபது நிமிஷத்துல கையெழுத்து வந்துச்சு. நேர்ல வந்து பாக்க வேண்டியது யாரு? நானா?”

புதன்கிழமை மழை. படத்தில் எட்டும் கறுப்பாக, சொன்ன அளவில், சொன்ன இடத்தில் இருந்தன. மழையைச் சாக்குச் சொல்லலாம்; உண்மையில் சோம்பல்தான். நேரில் பார்த்தேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே செவன் ஹில்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“கப்பலை நிறுத்தினா முதல்ல போறது உங்க லைசென்ஸ்” என்றார் அவர். “பேசாம பிரசாதம் வாங்கிட்டுப் போங்க.”

அவர் மனைவி வைதேகி தேங்காயோடு நின்றிருந்தாள். சிவகௌரி அவளிடம் போனாள். “நீங்களாவது கேளுங்கோ. ஆக்களை இறக்குங்கோ.”

“நல்ல நாள் அதுவுமா எதுக்கு அபசகுனமாப் பேசுறீங்க? பிடிக்கலேன்னா இறங்கிப் போங்க. கீழே என் பொண்ணு உக்காந்திருக்கா, அவளைப் பயமுறுத்தாதீங்க.”

சிவகௌரி இறங்கினாள். கத்தியிருக்கலாம், மணியை அடித்திருக்கலாம். மானம் தடுத்தது. படகுத்துறையில் நின்று கடல் பாதுகாப்பு அலுவலகத்தின் அவசர எண்ணைப் போனில் எடுத்தாள். அழுத்த விரல் வரவில்லை. அழுத்தினால் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அவளுக்குத் தெரியும். பதினேழு வருட வேலை. துறையில் கயிற்றால் கட்டியிருக்கிற கப்பல்தானே, பூஜை முடியட்டும், பிறகு தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டு நின்றாள்.

மேலே மணி அடித்தது. பிள்ளையார் படத்தை இடதுபக்கம் இரண்டாவது பீரங்கியின் மேல் சாத்தி வைத்திருந்தார்கள். நரசிம்மனே கற்பூரத்தை ஏற்றித் தட்டைக் காட்டினார். கற்பூரத் தட்டைக் கண்டால் நம் சனம் நின்ற இடத்தில் நிற்குமா? கண்ணில் ஒற்றிக்கொள்ள முப்பத்தைந்து பேரும் ஒரே மூச்சில் இடதுபக்கம் நெருக்கியடித்தார்கள்.

“போகாதேங்கோ! அந்தப் பக்கம் போகாதேங்கோ!”

மணிச் சத்தத்தில் சிவகௌரி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கப்பல் மெதுவாகச் சரிந்தது, பிறகு மெதுவாக இல்லை. அழகுக்காகத் திறந்து வைத்த நாலு பீரங்கிச் சன்னல்களும் தண்ணீருக்குள் போயின. கடல் தளத்தில் ஏறி, படிக்கட்டு வழியே கீழே கொட்டியது. கற்பூரம் அணைந்தது. அலறல். கட்டியிருந்த கயிறுகள் விறைத்து இழுத்துப் பிடித்ததால் கப்பல் கவிழவில்லை. சனம் விழுந்தடித்து மறுபக்கம் ஓட, நிமிர்ந்தது. வைதேகி கீழே பாய்ந்து மகள் ஸ்ருதியை இழுத்து வந்தாள். பிள்ளை தலையோடு நனைந்து இருமிக்கொண்டிருந்தாள்.

சிவகௌரி எண்ணை அழுத்தினாள்.

எல்லோரும் நனைந்த உடையோடு படகுத்துறைக்கு இறங்குவதற்குள் ஆங்கிலத்தில் விவரம் சொல்லி முடித்தாள். சான்றிதழ் கொடுத்தது யார் என்று மறுமுனையில் கேட்டார்கள். “நான்தான். நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்” என்றாள். சொன்னபோது அழுகை வந்தது, வெட்கத்தில்.

நரசிம்மன் ஈர வேட்டியைப் பிடித்தபடி எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். “ஒண்ணுமே நடக்கலே! பெரிய படகு ஒண்ணு போச்சு, அலை அடிச்சுது. அவ்வளவுதான். தன் தப்பை மறைக்க இந்தம்மா கதை கட்டுறாங்க. யாராவது எதையாவது பாத்தீங்களா?”

விருந்தாளிகள் புடவை முந்தானையைப் பிழிந்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கப்பலுக்குள் இருந்த யாரிடமாவது பேச வேண்டும் என்றது போன். சிவகௌரி சுற்றிப் பார்த்தாள்.

வைதேகி மகளைத் தன் சால்வையால் மூடிவிட்டு வந்து கையை நீட்டினாள்.

“வைதேகி! நீ சும்மா இரு!” என்றார் நரசிம்மன்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சிவகௌரியைத்தான் முறைத்தாள். “உங்களுக்காகன்னு நெனச்சுடாதீங்க. தெரிஞ்சும் இங்க போனோட நின்னீங்களே, அதையும் சேத்துத்தான் சொல்லப்போறேன்.”

“ஓம், சொல்லுங்கோ” என்று சிவகௌரி போனைக் கொடுத்தாள்.