துவக்கு இல்லாத பெட்டி

என் கணவர் பேனாட்டுக்குப் பழைய ரிவோல்வர்கள் மேல் பைத்தியம். துவக்குச் சத்தத்துக்கு அஞ்சி மன்னாரிலிருந்து ஓடிவந்த மனிதர் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் துவக்கு வாங்கி அடுக்குகிறார் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்ப நாளெடுத்தது. கேட்டால், "உது ஆரையும் சுடாது எவ்லின். நூற்றைம்பது வயசு" என்பார், ஏதோ படுக்கையில் கிடக்கும் கிழவரைப் பற்றிச் சொல்வதுபோல.

உண்மையில் அவருக்கு ரிவோல்வரைவிடப் பெட்டிதான் பெரிது. அந்தக் காலத்தில் அவற்றை மரப்பெட்டியில் வைத்து விற்றிருக்கிறார்கள். உள்ளே வெல்வெட் துணி, ரிவோல்வரின் உருவத்துக்கே ஒரு பள்ளம், பக்கத்தில் வெடிமருந்துக் குப்பிக்கும் குண்டு வார்க்கும் அச்சுக்கும் தனித்தனி இடம். இரும்பு தப்பிவிடும், பெட்டியைத்தான் பூச்சி அரித்துவிடும். இவர் பழைய சாமான் சந்தைகளில் அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப் பிடித்து வருவார். வெயில் படாத மூலையில் ஒட்டியிருக்கும் துணியைப் பார்த்து ஆதி நிறத்தைக் கண்டுபிடித்து, அதே நிறத்தில் புதுத் துணி தோய்த்து, கரண்டிக் காம்பால் பள்ளத்துக்குள் சுருக்கம் விழாமல் அழுத்துவார். நான் சமைக்கக் கரண்டியைத் தேடினால் அது பசை அப்பிக் கிடக்கும்.

எங்கள் வீட்டில் பெட்டி மூன்று, ரிவோல்வர் இரண்டு. மூன்றாவது பெட்டியை வெறுமையாகத்தான் வாங்கினார். இரண்டு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டி, பூச்சி அரித்த பள்ளத்தைப் புது மரத்தில் செதுக்கிப் பொருத்தினார். மற்ற இரண்டும் அதற்குக் கிட்ட வராது. அதற்குரிய ரிவோல்வர் இந்த ஜெர்மனியில் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறது, ஒருநாள் அகப்படும் என்பது அவருடைய நம்பிக்கை.

தொண்ணூற்றாறில் என் தங்கை பற்றிமா வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவர் பீலிக்ஸை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று அவள் சொன்னதில்லை. பீலிக்ஸ் என்ற பெயரைக்கூட அவள் சொல்வதில்லை. முதலில் ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் இருந்தாள். பிறகு எங்களோடு இருக்க அனுமதி கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் வருவதற்கு முன்பே பேனாட் ரிவோல்வர்களைத் துணியில் சுற்றி, துவக்குச் சுடும் கழகத்துச் சிநேகிதர் ஹெர்மனின் இரும்பு அலுமாரியில் வைக்கக் கொண்டுபோனார். நான் சொல்லாமலே செய்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெட்டிகளை விட்டுவைத்தோம். வெறும் மரமும் துணியும்தானே.

சில நாள் நன்றாகவே போயின. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது மூன்று பெட்டிகளையும் திறந்து வைத்துக்கொண்டு பற்றிமா நிலத்தில் இருந்தாள்.

"அக்கா, இதுக்குள்ளை இருந்ததுகள் எங்கை?"

"அத்தான்ரை சிநேகிதர் வீட்டிலை."

"ஏன் எடுத்தவர்?"

"நீ பயப்பிடுவாய் எண்டுதான்."

"வைச்ச இடத்திலை இருக்கிற துவக்குக்கு என்ன பயம்? எடுத்துக்கொண்டு போன துவக்குக்குத்தான் பயம்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. சுவரில் சாத்தியிருக்கும் துவக்கைப் பார்த்து யாரும் நித்திரையைக் கெடுத்துக்கொள்வதில்லை. அது அங்கே இல்லாவிட்டால்தான் யாருடைய கையில் இருக்கிறது, யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று விடியும்வரை விழித்திருப்பார்கள். ஜெர்மன்காரி ஒருத்திக்கு ஒளிப்பதுபோல என் தங்கைக்கு ஒளித்திருந்தோம். ஊரை அவ்வளவு தூரம் மறந்துபோயிருந்தோம்.

அதன்பிறகு வாசல் மணி அடித்தால் அவள் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள். சாப்பாடும் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள்: "நான் ஹைமுக்கே போறன் அக்கா. அங்கை கன சனம் இருக்கு." எனக்குக் கோபம் வந்தது. "உன்ரை விருப்பம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். ஒருமுறை போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பேனாட் ஹெர்மனிடம் போய் ரிவோல்வர்களை வாங்கிவந்தார். மேசையில் வைத்து, "நீரே வையும் பிள்ளை" என்றார். பற்றிமா முதலில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி அதனதன் பள்ளத்தில் வைத்து மூடினாள். அவளுடைய முகம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். பிறகு மூன்றாவது பெட்டியைத் திறந்தாள்.

"இதின்ரை துவக்கு?"

"இதுக்கு இல்லை. பெட்டி மட்டும்தான் வாங்கினனான்."

"பள்ளம் இருக்கே, அத்தான்."

"முந்தி இருந்ததுதான். ஆரோ கொண்டு போயிட்டாங்கள்."

உண்மையைத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. பற்றிமா பெட்டியை மூடினாள். எழுந்து அறைக்குள் போய் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

பெட்டியைக் கொண்டுபோய் நிலவறையில் வைக்கச் சொல்லலாம் என்று நான் நினைத்தேன். கண்ணில் படாவிட்டால் சரியென்று எனக்கு இன்னும் எண்ணம், பாருங்கள். பேனாட் உளியை எடுத்தார். வெல்வெட்டின் ஓரத்தில் கொடுத்து ஒரே இழுவையில் கிழித்தார். அடியிலிருந்த பள்ளத்தை, அவர் கையால் செதுக்கிப் பொருத்திய மரத்துண்டுகளை, ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றினார். பசை நன்றாகப் பிடித்திருந்தது, இலகுவில் விடவில்லை. பற்றிமா பையோடு அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். கடைசியில் அது தையல் சாமான் போட்டு வைக்கிற ஒரு பெட்டியாகத்தான் மிஞ்சியது.

"இனி இதுக்குள்ளை ஒரு துவக்குக்கும் இடமில்லை, பிள்ளை" என்று பெட்டியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு குளிர்காலத்து வேலைக்காக அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு எப்போதும் புத்தி பிந்தித்தான்.

பற்றிமா பையைக் கீழே வைத்தாள். வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அழாதேங்கோ அத்தான்" என்றாள். "பீலிக்ஸைச் சுட்டது உங்கடை துவக்கில்லை."