தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அப்போது என் கையில் ரசஞ்சாதத் தட்டு இருந்தது.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘கரமனை ஆற்றங்கரையில் மாலைக் காற்று மெல்ல…’ அடித்துவிட்டேன். எங்கள் அக்கிரகாரத்தில் காற்று வந்தால் கூடவே கொசுவும் வரும். 1937இல் கேட்கவே வேண்டாம். அதனால்தான் என் மச்சினர் வெங்கடசுப்ரமணியன் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடிக்க முடிவு செய்தார்.

2

அவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. (இப்படி ஒரு மனிதரைப் படைத்தால் யார் நம்புவார்கள் என்று கேட்காதீர்கள். நான் படைக்கவில்லை, என் மாமியார் படைத்தது.)

சாலைக் கடைத்தெருவிலிருந்து இரண்டு துண்டு வலை கொண்டுவந்தார், ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர்பச்சை. தெருவில் நின்றபடி ஜன்னலில் வைத்துப் பார்த்தார். போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி விஜயம், கறுப்பு என்றால் வெளியே பார்க்கலாம், பச்சையில் வெயில் பட்டால் கண்ணை மறைக்கும் என்றாள். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு லட்சணமாக இருக்க வேண்டாமா என்றார் அவர்.

பச்சைதான். நேசையன் ஆசாரி எல்லா ஜன்னலுக்கும் பித்தளைத் திருகாணி போட்டு முறுக்கிவிட்டுப் போனார். கொல்லைப்புற அறை ஜன்னலுக்கும்.

3

அந்த அறை எதற்கு என்று எங்கள் தெருப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலகியிருக்கும் மூன்று நாளும் அங்கேதான். கதவைத் திறந்தால் நேரே பூஜையறை, அதனால் பகலில் திறக்கக் கூடாது. சாதம் ஆற்றைப் பார்த்த கொல்லைப் பக்க ஜன்னல் வழியாகத்தான் போகும். விதி ஆண்களுக்கு மனப்பாடம். தட்டு எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது!

அடுத்த வாரம் விஜயம் உள்ளே, தட்டோடு நான் வெளியே, நடுவில் பச்சை வலை. மச்சினரைக் கூப்பிட்டேன்.

“ஏன்னா, கொசுவுக்கு வழியை அடைச்சேள். எனக்குச் சாதம் எப்படி வரும்னு யோசிச்சேளா?” என்றாள் விஜயம்.

அவர் ஆசாரியை அழைத்து, வலைச் சட்டத்துக்குக் கீல் வைத்து, தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போடச் சொன்னார்.

“உள்ள போடச் சொல்லுங்கோ.”

“உள்ள போட்டா நீ திறந்து வெச்சுப்பே. கொசு வரும்.”

“ஆறு பார்க்கத்தான் திறப்பேன். மூணு நாளும் வேற என்ன இருக்கு எனக்கு?”

4

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ‘அந்த மூன்று நாள்’ அநாகரிகம், எடுத்துவிட்டால் போடலாம் என்று ஆசிரியர் எழுதினார். எடுத்துப் பார்த்தேன். மிச்சம் இருந்தது இதுதான்: ஒரு நல்ல கணவர் வலை வாங்கினார், கொசு ஒழிந்தது, சுபம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.*

5

விஜயம் கையாலேயே வலையைக் கிழித்தாள் என்று முடிக்கலாம். மச்சினர் மனம் திருந்தினார் என்றும்… (வேண்டாம். அவ்வளவு பொய் எனக்கு வராது.)

ஆசாரி தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் சொன்னால் இந்த வீட்டில் எடுபடாது. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் தெருவில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பகல் உட்கார்ந்துவிட்டுச் சொல்லுங்கள்.

சீக்கிரம். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

* அந்த ஆசிரியர் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்கும். தட்டு எந்த வழியாகப் போகிறது என்று போய்ப் பார்க்கட்டும்.