ஒன்பதாவது புத்தகத்தின் படக்குறிப்புகள்

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று இருபதுக்கு வாசுவின் புதுக் கதை ஜெனிட்டாவுக்கு மின்னஞ்சலில் வந்தது. வாசு அனுப்பவில்லை. பதிப்பகத்திலிருந்து மமதா அனுப்பியிருந்தாள்.

ஜெனிட்டா படம் வரைகிறவள். வாசு எழுதுகிறவன். இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்கு எட்டுப் புத்தகங்கள் செய்திருந்தார்கள். எட்டில் ஒன்றுகூட மின்னஞ்சலில் வந்ததில்லை. எல்லாம் ரயிலில் வந்தவை.

பதினோரு வருடம் இருவரும் கேஜிஎஃப்பின் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ஏறிப் பெங்களூரில் இறங்கினார்கள். அவளுக்கு ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. அவனுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாசு கதையை வரி வரியாகச் சொல்வான். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்பாள். சில வரிகளில் கையைத் தூக்குவாள். அதை நீ சொல்ல வேண்டாம், நான் படத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவன் அந்த வரியை அடித்துவிடுவான். மழை பெய்தது என்று அவன் எழுதத் தேவையில்லை. சிறுமி பயந்தாள் என்று எழுதத் தேவையில்லை. அவன் அடிக்க அடிக்க அவளுக்கு இடம் கிடைக்கும். ஐந்தாவது புத்தகத்தில் மொத்தமே நாற்பத்தொரு சொற்கள். அதிலும் ஆறு அதிகம் என்று வாசு பிற்பாடு வருத்தப்பட்டான்.

பக்கத்து சீட்டில் இந்து உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள்.

"இவங்க ரெண்டு பேரும் ஒருநாள் வெறும் பேப்பரையே புக்குன்னு போடப் போறாங்க பாரு," என்பாள். "நானும் வாங்கிப் படிச்சிட்டு அழுவேன்."

கொரோனாவுக்குப் பிறகு ஜெனிட்டாவின் கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. ஒரு வருடம் கழித்து ஆபீஸையே காலி செய்தது. பிறகு அவள் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தாள். வாசு பெங்களூரிலேயே கே.ஆர். புரத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனான். அதுவும் இரண்டு வருடமாகிறது.

நந்திதுர்க் லைனின் வரிசை வீடுகளில் ஜெனிட்டாவினுடையது கடைசிக்கு முந்தியது. காலை ஐந்தரைக்குள் லைன் காலியாகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் ரயிலுக்குப் போய்விடுவார்கள். பிறகு பகல் முழுக்க அங்கே இருப்பது பென்ஷன்காரர்களும் நாய்களும் அவளும்தான்.

வேலைக்குக் குறைவில்லை. இந்த ஆறு மாதத்தில் கைகழுவச் சொல்லும் சுவரொட்டி ஒன்று, தார்வாடில் ஒரு கவிஞருக்கு அட்டைப்படம், இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று. கணக்குப் புத்தகத்துக்காக நூற்றுப்பன்னிரண்டு மாம்பழங்கள் வரைந்தாள். கவிஞர் படத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்பினார். இந்த வேலைகளில் அவளுடைய கோடுகளுக்கு வண்ணம் சேர்ப்பவர் மைசூரில் இருக்கும் சரத். இரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர் குரலை அவள் கேட்டதில்லை. ஒருநாள் சரத்திடமிருந்து கன்னடத்தில் ஒரு செய்தி வந்தது. வரும்போது பால் வாங்கிக்கொண்டு வா. வீட்டுக்கு அனுப்பவேண்டியது. ஒரு நிமிடத்துக்குள் அதை அழித்துவிட்டு மன்னிக்கவும் என்று எழுதினார். பரவாயில்லை என்று இவள் பதில் எழுதினாள். அன்று சாயங்காலம் கடைக்குப் போனவள் வழக்கமாக வாங்குவதைவிட ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி வந்தாள்.

வாசுவின் கதையை அவள் திரையில் படிக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

தொலைந்துபோன மணியைத் தேடி மலையேறும் ஒரு ஆட்டின் கதை. நல்ல கதை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கதைக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் படக்குறிப்பு இருந்தது. படம்: ஆடு இடதுபக்கம் பார்க்கிறது. படம்: சிறுமியின் முகத்தில் சோகம், கண்ணில் நீர். படம்: வானத்தில் மூன்று பறவைகள். கதையைவிடக் குறிப்புகள் நீளம்.

எட்டுப் புத்தகத்தில் வாசு அவளுக்கு ஒரு குறிப்புகூட எழுதியதில்லை.

முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. அதற்குக் கீழே: படம்: பச்சை மலை, கூரான உச்சி, மரங்கள். சாம்பல் நிறம் வேண்டாம். மேல்பக்கம் தட்டையாக வேண்டாம்.

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

முதல் புத்தகத்தில் வாசு மலை என்று எழுதினான். அவள் மலை வரைந்தாள். வெளிர்சாம்பல் நிறம், மேலே மேஜைபோலத் தட்டை, பக்கவாட்டில் மழைத்தண்ணீர் அறுத்த கோடுகள். ஒரு மரம் இல்லை. வாசுவும் பார்த்தான். அவனுக்கும் அது மலையாகத்தான் இருந்தது. படத்தைப் பார்த்த மமதாதான் போன் செய்து அது என்ன கட்டடம் என்று கேட்டாள். அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அவள் வரைந்தது சைனைட் மேடு. சுரங்கத்திலிருந்து எடுத்து, சைனைட் கலந்து பொன் பிரித்து, மிச்சத்தைக் கொட்டிய மண். சின்ன வயதிலிருந்து ஜன்னலைத் திறந்தால் தெரிவது அதுதான். மலை என்றால் வேறு மாதிரியும் இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மமதா அதை அப்படியே விட்டாள். புத்தகம் வந்தபோது ஒரு பத்திரிகை அந்தப் படத்தைக் கனவு நிலம் என்று பாராட்டி எழுதியது. வாசு ரயிலில் அதை உரக்க வாசித்தான்.

"சைனைட் மேட்டுக்கு வந்த வாழ்வப் பாரு," என்றாள் இந்து. பெட்டியே சிரித்தது.

அதற்குப் பிறகு வந்த ஏழு புத்தகத்திலும் மலை அப்படித்தான் வந்தது.

மமதாவின் கடிதத்தை ஜெனிட்டா மறுபடி படித்தாள். முதல் பக்கத்துக்கு ஒரு மாதிரிப் படம், திங்கட்கிழமைக்குள். எட்டுப் புத்தகத்தில் யாரும் அவளிடம் மாதிரி கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலை மமதாவுக்கு போன் செய்தாள். மமதா கன்னடத்தில் அன்பாகவே பேசினாள். உடம்பு எப்படி, கேஜிஎஃப்பில் மழையா என்றெல்லாம் கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரிடம் மாதிரி கேட்டிருக்கிறோம். இன்னொருவர் பூனாவில் இருக்கிறார். எழுத்தாளருக்கு ஆட்சேபணை இல்லை. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்காகத்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எழுத்தாளர் என்று மமதா சொன்னது யாரை என்று ஜெனிட்டாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

அன்று முழுக்க அவள் வரைந்தாள். குறிப்பில் இருந்தபடியே. பச்சை மலை, கூரான உச்சி, மரங்கள். இடதுபக்கம் பார்க்கும் ஆடு. சாயங்காலம் பார்த்தபோது படம் நன்றாக இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பூனாக்காரரும் இதைத்தான் வரைந்திருப்பார் என்று நினைத்தாள். இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இதை வரையலாம்.

வாசுவுக்கு போன் செய்ய எடுத்தாள். கடைசியாகப் பேசியது எப்போது என்று பார்த்தாள். பொங்கலுக்கு. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. போனைக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை வாசுவின் அக்கா குணசுந்தரியிடம் போனில் பேசினாள். வாசு மாதத்தில் ஒரு ஞாயிறு ஆண்டர்சன்பேட்டைக்கு அக்காவைப் பார்க்க வருவான். முன்பெல்லாம் வரும் வாரத்தை அவனே சொல்வான்.

"நாளைக்கு வர்றான். ஏன், உனக்குச் சொல்லலியா?" என்று குணசுந்தரி கேட்டாள்.

போனில் சிக்னல் சரியில்லை, அதனால் சொல்லியிருக்க மாட்டான் என்று ஜெனிட்டா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகக் குணசுந்தரி வீட்டுக்குப் போனாள். தோளில் படம் இருந்த பை. வாசு தட்டில் கை வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தான். உட்காரச் சொன்னாள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கண்ணாடி புதிது. குணசுந்தரி இவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"எட்டு புக்கு போட்டீங்க. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோ கீதா?" என்றாள் குணசுந்தரி. "பின்னட்டையில இவன் ஒரு மூலை, நீ ஒரு மூலை. சொத்துத் தகராறு மாதிரி மொறைச்சிக்கினு கீறீங்க."

வாசு சிரித்தான். ஜெனிட்டாவும் சிரித்தாள். புத்தகத்தைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. அவன் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் கதை படிப்பதைப் பற்றிச் சொன்னான். வாரத்துக்கு ஒரு பள்ளி கூப்பிடுகிறார்களாம். புது ஃப்ளாட்டில் தண்ணீர் உப்பு என்றான். மூன்று மணிக்குக் கிளம்பினான். ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்று அவளும் எழுந்தாள்.

மாரிக்குப்பத்தில்தான் ரயில் புறப்படுகிறது. அதனால் முன்னாலேயே வந்து நின்றிருந்தது. பெட்டியில் நாலைந்து பேர்தான். கால் தானாகவே மூன்றாவது பெட்டிக்குப் போயிற்று. பழைய இடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். புறப்பட இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

அவள் பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வாசு அதை மடியில் வைத்துப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தான்.

"நல்லா கீது ஜெனி," என்றான். "சூப்பரா வந்திருக்குது."

அவன் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. படம் பிடித்திருந்தால் அவன் பேனாவைத்தான் எடுப்பான். போச்சு, எனக்கு ஒரு வரி போச்சு என்பான். அவனிடமிருந்து அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

படத்தின் அடியில் அவனுடைய வரியை அவள் எழுதி வைத்திருந்தாள். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. படத்திலேயே ஊர் இருந்தது, பின்னால் மலையும் இருந்தது. பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதுல எத அடிக்கலாம், சொல்லு."

"எதுக்கு அடிக்கணும்?" என்றான். "இருக்கட்டுமே. குறிப்பெல்லாம் மமதா எழுதச் சொன்னாங்க. இப்ப எல்லா ரைட்டரும் அப்டித்தான் எழுதறாங்களாம்."

"மலை தட்டையா வேணாம்னு சொன்னதும் மமதாதானா?"

பேச ஆரம்பித்தவன் நிறுத்தாமல் சொன்னான். கதை படிக்கப் போகும் பள்ளிகளில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்ததும் இது என்ன என்று கேட்கிறார்களாம். மலை என்றால் நம்புவதில்லை. அப்புறம் அது மண்மேடு என்று சொல்லவேண்டும், எந்த மண் என்று சொல்லவேண்டும், சுரங்கத்தை ஏன் மூடினார்கள், அதற்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். டீச்சர்களின் முகத்தில் பரிதாபம் வந்துவிடும். மேடைக்கு ஒரு கதை சொல்லத்தான் போகிறான். ஊர்க்கதையைச் சொல்லிவிட்டு இறங்குகிறான்.

"ஒரே ஒரு புக்குல மலை மலையா இருக்கட்டும்னு பாத்தேன்," என்றான். "அது தப்பா?"

தப்பில்லை என்று அவள் சொன்னாள். உண்மையாகவே சொன்னாள். இதை ரயிலில் சொல்லியிருந்தால் அவளே சிரித்துக்கொண்டு பச்சை வாங்கியிருப்பாள். எட்டுப் புத்தகமாக வாங்கி அலுத்த சாம்பலைத் தூக்கிப் போட்டிருப்பாள். மலை அவளுக்குப் பெரிதில்லை. அவன் இருக்கும்போது இருவரில் யார் எதைச் சொல்வது என்று கேட்கவேண்டியதே இல்லை. அது மட்டும் போதும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த கதை வரும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மாம்பழங்களை வரைந்ததும் அந்த நினைப்பில்தான்.

இதை அவனிடம் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவன் கூட இருந்தவரை சொல்லவேண்டியிருந்ததில்லை.

வாசு படத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஓரம் மடங்காமல் இரண்டு கையாலும் கொடுத்தான். அவள் பைக்குள் வைத்தாள். ஒரு குடும்பம் ஏறிச் சாமான்களை மேலே ஏற்றியது. வாசு அவர்களுக்காகக் காலை ஒடுக்கிக்கொண்டான்.

"பூனாக்காரர் ஒருத்தருக்கும் அனுப்பியிருக்காங்களாமே," என்றாள்.

"ஆமா. சொன்னாங்க."

"சொன்னாங்களா, கேட்டாங்களா?"

வாசு ஜன்னல் பக்கம் திரும்பினான். பிளாட்பாரத்தில் பார்க்க எதுவும் இல்லை. கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான்.

"டைமாச்சு ஜெனி, எறங்கு. இல்லன்னா அடுத்த ஸ்டேஷன், கோரமண்டல் வரைக்கும் வீணா வருவ."

அவள் எழவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு ஆளப் பாருங்கன்னு மமதாகிட்ட சொன்னது நீயா? சொல்லு வாசு. நீதான்னா நான் நாளைக்கு இத அனுப்பல."