பத்துப் பெயர், ஒரே மூச்சு

யூதர்களின் பூரீம் பண்டிகைக்கு முந்தின நாள் பெர்லா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஹோபார்ட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தவளுக்கு வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பண்டிகைக்கு ஜெபக்கூடத்தில் எஸ்தர் ராணியின் கதைச் சுருளை வாசிப்பதைக் கேட்க முடியாமல் போய்விட்டதே என்பதுதான் மனக்குறை. இரவு வாசிப்பு போனது போனதுதான். பகல் வாசிப்பாவது கிடைக்குமா என்றால், ஊரில் அதை ராகத்தோடு வாசிக்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன். அவள் விவாகரத்து செய்த அவ்னேர்.

மகள் போன் செய்துவிட்டாள் போலிருக்கிறது. காலையில் சுருளும் கையுமாக வந்து நின்றான்.

"வாசிக்கும்போது நடுவுல பேசக்கூடாது. உன்னால முடியுமா?" என்றான்.

"உன்கிட்ட பேசணும்னு இங்க யாரு தவம் கெடக்கா? ஆரம்பி."

பக்கத்துக் கட்டிலில் வூலா என்ற கிரேக்கப் பெண்மணி. பெர்லா அவளுக்கு விளக்கினாள். "ஆமான்கிற ஒரு மந்திரி, எங்க ஜனங்களைக் கூண்டோடு தீர்த்துக்கட்டப் பார்த்தவன். இந்தக் கதையில அவன் பேரு வந்தா காதுல விழாத மாதிரி தட்டணும்."

முதல் தடவை பெயர் வந்ததும் பெர்லா கரண்டியால் தட்டில் அடித்த அடியில் தண்ணீர்க் குவளை உருண்டது.

வூலா குனிந்து கிசுகிசுத்தாள். "ஏண்டி, இந்தப் போடு போடுறியே, அந்த மந்திரிக்கா, இல்ல இவருக்கா?"

பதில் சொல்ல வாய் துடித்தது. பேசக்கூடாது. பெர்லா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவ்னேரின் உதடு மட்டும் சிரித்தது.

ஆமானின் பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வரும் இடம் வந்தது. பத்தையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். போன வருடம் நெஞ்சில் ஆபரேஷன் ஆன மனிதன். அவன் மூச்சை இழுத்தபோது அவளும் இழுத்தாள். ஏழாவது பெயரில் அவன் குரல் தேய்ந்தது. அவளுக்கு நெஞ்சு முட்டியது. பத்தாவதும் வந்துவிட்டது. இருவரும் ஒன்றாக மூச்சை விட்டார்கள்.

வாசித்து முடித்ததும் வார்டே கை தட்டியது.

"முடிச்சுட்டியே," என்றாள் பெர்லா. விவாகரத்தான ஆறு வருடத்தில் அவனிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கீழ ஒரு பெரியவர் இருக்கார். அவரும் உங்க ஆளுதானாம். அவருக்கும் வாசிப்பீங்களான்னு கேட்டார்."

"வாசிக்கலாம். தட்ட ஆள் வேணுமே," என்றான் அவ்னேர்.

"சக்கர நாற்காலியைக் கொண்டா," என்றாள் பெர்லா. "மெதுவா தள்ளு. நீ கார் ஓட்டுற மாதிரி ஓட்டாத."