தழும்பு இருந்த பக்கம்

"இவரு இல்லடி" என்று அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

நகரத்தின் பழைய தெருப் படங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில் எனக்கு வேலை. ஒரு புகைப்படக்காரர் கால் நூற்றாண்டுக்கு முன்பு நடந்து நடந்து எடுத்த நெகடிவ்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் தூசி நீக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கி, யாரோ பார்த்த தெருவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் காட்டிய படத்தில் ஒருவர் ஏணியில் நின்று, பசை தடவிய வெற்றுப் பக்கம் தெரியச் சுவரொட்டியைப் பிடித்தபடி பாதி திரும்பிக் கீழே பார்க்கிறார். வலது புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு. அப்பாவும் சுவரொட்டி ஒட்டியவர்தான். எனக்கு எட்டு மாதமானபோது போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரெல்லாம் அடுத்தவர் முகத்தை ஒட்டிய மனிதருக்கு வீட்டில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் முகம்கூட இல்லை. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தேதான் அந்தப் படத்தைப் போனில் எடுத்து வந்தேன்.

"மூஞ்சி அச்சு அசல்தான். ஆனா அவருக்கு இடது புருவம். விழுந்தப்ப துணிய வச்சு அழுத்தினவ நானு. எனக்குத் தெரியாதா?"

"நல்லா பாரும்மா."

"பாத்தாச்சு. வேற யாரு வீட்டு ஆம்பளையவோ பாத்து நான் எதுக்குடி ஏங்கணும்?"

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காப்பகத்துக்குள் நுழைந்ததும் அதே படம் ஆறடி உயரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. கண்காட்சிக்கு முகப்புப் படமாம். கீழே 'பெயர் தெரியாத தொழிலாளி' என்று அட்டை. அட்டையை முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் சட்டைப் பை கண்ணில் பட்டது. வலது மார்பில் இருந்தது. எந்தத் தையல்காரர் ஆண் சட்டைக்கு அந்தப் பக்கம் பை வைப்பார்? ஓடிப்போய் நெகடிவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. எல்லோர் தப்பையும் சுட்டிக்காட்டி 'மிளகா' என்று பெயர் வாங்கிய நானேதான்.

பொறுப்பாளர் டேப்பால் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"சார், படம் திரும்பியிருக்கு. என் தப்பு. வேற அடிக்கணும்."

"அச்சாகி வந்தாச்சும்மா. ஒரு எழுத்துகூட இல்லாத படம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எங்கம்மாவுக்குத் தெரியும்."

"உங்கம்மா என்ன, பெரிய விமர்சகரா மிளகா?"

"அவரு பொண்டாட்டி சார். அந்த அட்டையும் தப்பு."

டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதிக் குடு. மேல கேட்டுப் பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தும் எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில்.

சாயங்காலம் சரியான பக்கம் திருப்பிய படத்தை அம்மா முன்னால் நீட்டினேன். இந்த முறை அவள் தழும்பைத் தேடவே இல்லை.

"கீழ யாரப் பாக்குறாருன்னு தெரியுதா?"

"தெரியலையே."

"ஏணியப் பிடிச்சுக்கிட்டு நான் நிப்பேன். கை கடுக்குது, எறங்கித் தொலைங்கன்னு கத்துவேன். காதுலயே விழாத மாதிரி இப்படித்தான் பாப்பாரு."

படம் அவர் முழங்காலோடு முடிந்திருந்தது.

"அந்த ஆளு ரெண்டடி தள்ளி நின்னு எடுத்திருந்தா நீயும் இருந்திருப்பம்மா" என்றேன்.

"சும்மா இருடி."

போனை மேசைமேல் படுக்க வைத்தாள். அதன் கீழ் விளிம்பு முடிந்த இடத்தில், வெறும் பலகைமேல், எதையோ இறுகப் பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள்.